பாதாமா, வேர்க்கடலையா: தேக்காவில் பணத்தை எதற்குக் கொடுப்பது?

ஒரு கிலோ பாதாம் வாங்கும் பணத்தில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் மூன்று நான்கு கிலோ பச்சை வேர்க்கடலை வாங்கிவிடலாம். விலை கடைக்குக் கடை மாறும், பண்டிகைக் காலத்தில் ஏறும், இறங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. எனவே பாதாம் உடம்புக்கு நல்லதா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. மூன்று மடங்கு பணத்துக்கு மூன்று மடங்கு நன்மை கிடைக்கிறதா? கிடைக்காது என்றால், யாருடைய தட்டில் அந்தக் கூடுதல் செலவு நியாயமாகும்? வீட்டுச் செலவுக் கணக்கு பார்ப்பவருக்கு இந்தக் கேள்விகள்தான் உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் அன்றாடத்துக்குக் கடலை போதும். பாதாம், அதற்கென்று ஒரு காரணம் உள்ளவர்களுக்கு. முந்திரி பொங்கலுக்கும் பாயசத்துக்கும். பாதாம் பால் என்று பெட்டியில் வருவதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். எந்தக் கொட்டையாக இருந்தாலும் அது வேறொன்றின் இடத்துக்கு வர வேண்டும். மாலை நான்கு மணிக்குக் காப்பிக்கடையில் ஒரு கறி பஃப், ஒரு தே தாரிக் என்று பழகியவர், அதை விட்டுவிட்டு ஒரு கைப்பிடிக் கொட்டை தின்றால் உடம்பு மாற்றத்தை உணரும். கறி பஃபையும் தின்றுவிட்டு, ‘பாதாம் இதயத்துக்கு நல்லதாம்’ என்று மேலும் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டால் இடுப்புச் சுற்றளவுதான் கூடும். ஆய்வுகளில் கொட்டைக்குக் கிடைத்த நற்பெயரில் ஒரு பகுதி, அது விரட்டிய தின்பண்டத்தைச் சேர வேண்டியது.

பாதாம் உண்மையில் என்ன தருகிறது

ஊட்டச்சத்துக் கணக்கில் ஒரு கைப்பிடி என்பது 28 கிராம். பாதாமில் அது ஏறத்தாழ 23 பருப்பு. அதில் 6 கிராம் புரதம், 14 கிராம் கொழுப்பு, மூன்றரை கிராம் நார்ச்சத்து, 77 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கின்றன. கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குத் தீங்கு செய்யாத நிறைவுறாக் கொழுப்பு. பாதாம் தனித்து நிற்பது வைட்டமின் ஈ விஷயத்தில். ஒரு கைப்பிடியில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அதாவது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் கிட்டத்தட்டப் பாதி. அதே அளவு கடலையில் இதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். முந்திரியில் பெயருக்குத்தான் இருக்கிறது. (வைட்டமின் ஈ மட்டுமே குறிக்கோள் என்றால் சூரியகாந்தி விதை பாதாமையும் மிஞ்சிவிடும், விலையும் குறைவு. அதைப் பரிசுப் பெட்டியில் பட்டுத்துணி போர்த்தி யாரும் விற்பதில்லை என்பதால் யார் நினைவுக்கும் வருவதில்லை.)

கால்சியத்துக்காகப் பாதாம் தின்னச் சொல்லும் அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒரு கைப்பிடியில் 76 மில்லிகிராம். ஐம்பதைத் தாண்டியவருக்கு இங்கே பரிந்துரைக்கப்படும் அளவு நாளுக்கு 1,000 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. கேழ்வரகுக் கூழும், தலையோடு தின்னும் நெத்திலியும், தயிரும் இந்த வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும்.

அடுத்து, நம் வீடுகளின் அந்த நான்கு பாதாம். இரவில் ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்து, பிள்ளைகளின் உள்ளங்கையில் வைக்கும் வழக்கம். அன்போடு செய்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நான்கு பருப்பின் எடை ஐந்து கிராம். ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு பெரும்பாலும் 20 கிராமிலிருந்து 45 கிராம் வரை, சிலவற்றில் அதற்கும் மேல். ஐந்து கிராமால் கொலஸ்ட்ராலும் அசையாது, நினைவாற்றலும் பெருகாது. அந்தப் பணத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு முழுக் கைப்பிடிக் கடலை கொடுப்பது மேல்.

ஊறவைப்பதால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்பதும் நம்பிக்கைதான். நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். தாதுச்சத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படும் ஃபைட்டேட்டின் அளவு ஊறவைத்ததால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, தாதுச்சத்துகள்தாம் கொஞ்சம் குறைந்தன. உரித்து எறிகிற தோலில் நார்ச்சத்தும் பாலிஃபீனாலும் இருக்கின்றன. பல் தளர்ந்த பாட்டிக்கு மெல்ல வசதியாக இருக்கும் என்றால் ஊறவையுங்கள், அது நல்ல காரணம். மற்றவர்கள் தோலோடு மென்று தின்னலாம்.

கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை பாதாமின் புகழ் பொய்யல்ல, அளவு மீறியது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், தீய கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் சராசரியாக லிட்டருக்கு 0.1 மில்லிமோல் அளவில் குறைகிறது. பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் 3.4 என்று இருந்தால் அது 3.3 ஆகலாம். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கக்கூடியது. பாதாம் தின்னத் தொடங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பாதாமுக்குச் சாதகமாக ஒரு சுவையான விவரம் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கணக்குப்படி, முழுப் பாதாம் 28 கிராமிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது சுமார் 129 கலோரிதான். உறையில் அச்சிடுவதோ 160க்கு மேல். பருப்பின் உயிரணுச் சுவர்கள் கெட்டியானவை. எவ்வளவு மென்றாலும் உடையாமல் தப்பிக்கும் அறைகளுக்குள் கொழுப்பு சிறைபட்டு, செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அதே குழு 2016இல் தொடர்ந்து பார்த்தபோது, வறுத்ததிலும் துண்டாக்கியதிலும் கூடுதல் கலோரி சேர்ந்தது. அரைத்த பாதாம் வெண்ணெயில் இந்தச் சலுகை அறவே போய்விட்டது. உடல் எடையைக் கவனிப்பவர் முழுப் பருப்பையே வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கடலையின் பக்கம்

சிங்கப்பூரில் திரையரங்கு வாசலில் கச்சாங் பூத்தே விற்றவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காகிதக் கூம்பில் கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் அள்ளிப்போட்டுக் கொடுத்த அந்தத் தொழில் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. கடலை மலிவானது என்பதாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போனது என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சத்துப் பட்டியலோ வேறு கதை சொல்கிறது.

நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்துப் பார்த்தால் கடலையில் சுமார் 26 கிராம் புரதம், பாதாமில் 21. ஃபோலேட் என்னும் பி வைட்டமின் கடலையில் 240 மைக்ரோகிராம், பாதாமில் இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரும்புச்சத்திலும் கடலை சற்று முன்னால். நார்ச்சத்தில் பாதாம் வெல்லும்: பன்னிரண்டரை கிராமுக்கு எதிராக எட்டரை. மெக்னீசியத்திலும் கால்சியத்திலும் வைட்டமின் ஈயிலும் பாதாமே முன்னிலை. கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. இப்படி ஆளுக்குக் கொஞ்சம் வென்று கொஞ்சம் தோற்கிறார்கள். மூன்று மடங்கு விலையை நியாயப்படுத்தும் இடைவெளியை நான் எங்கும் காணவில்லை.

இதயத்துக்கு? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் நாளுக்கு ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 42 கிராம் கொட்டை, இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று சில நிபந்தனைகளோடு உறையில் அச்சிட அனுமதித்தது. அந்தப் பட்டியலில் பாதாம், வால்நட், பிஸ்தாவோடு வேர்க்கடலையும் இருந்தது. முந்திரி இல்லை, அதன் நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தாண்டியதால். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஷாங்காயிலிருந்து வந்தது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஷாங்காயிலும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஷாங்காய்க்காரர்கள் தின்ற கொட்டை பெரும்பாலும் வேர்க்கடலைதான். அதை அதிகம் தின்றவர்களிடையே இறப்பு விகிதம், குறிப்பாக இதய நோயால் ஏற்படும் இறப்பு, குறைவாக இருந்தது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு என்பதால் கடலைதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வசதியானவர்கள் தின்னும் விலையுயர்ந்த கொட்டைகளுக்கே அந்தப் பலன் சொந்தம் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

கடலைக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, இந்த ஊரில் அது நம்மிடம் வந்துசேரும் வேடம். சர்க்கரைப் பாகில் உறைந்து வரும், உப்பு பூசி வரும், நாசி லெமாக்கில் எண்ணெயில் பொரிந்து வரும், சாத்தே குழம்பில் தேங்காய்ப்பாலோடும் சர்க்கரையோடும் கரைந்து வரும், காப்பிக்கடையின் சீன அப்பத்துக்குள் இனிப்புப் பொடியாக ஒளிந்து வரும். மேலே சொன்ன நன்மை எதுவும் இந்த வேடங்களுக்குப் பொருந்தாது. பச்சைக் கடலையை வாங்கி வெறும் வாணலியில் வறுக்க வேண்டும், அல்லது உப்பைக் குறைத்து அவித்து, தேங்காய்த் துருவலும் மாங்காயும் போட்டுச் சுண்டலாக்க வேண்டும். அவித்த கடலை நீரை உறிஞ்சிப் பருத்திருப்பதால், அதே எடைக்குக் கலோரியும் குறைவாக இருக்கும். அரை மணி நேர வேலைதான், ஆனால் அலுவலகம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அதுவும் வேலைதான். பாதாம் இந்த இடத்தில் நேர்மையாகவே வெல்கிறது. பையைத் திறந்தால் தின்னலாம்.

இரண்டாவது குறை கடுமையானது. ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் வேர்க்கடலையில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் ஆஃப்லாடாக்ஸின், கல்லீரல் புற்றுநோயை வரவழைப்பது உறுதிசெய்யப்பட்ட நச்சு. வறுத்தாலும் முழுமையாக அழியாது. இறக்குமதியாகும் உணவைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கண்காணிக்கிறது. ஆனால் பையைப் பிரித்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் மாதக்கணக்கில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகான கண்காணிப்பு நம்முடையது. சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். கசந்தால் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

வால்நட், முந்திரி, பிஸ்தா

வால்நட்டின் தனிச்சிறப்பு தாவர வகை ஒமேகா-3. நூறு கிராமில் ஏறத்தாழ 9 கிராம் இருக்கிறது, பாதாமிலும் கடலையிலும் அது இல்லை என்றே சொல்லலாம். மீன் தின்னாத சைவர்கள் பாதாமைவிட வால்நட்டுக்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம். மூளைக்கு நல்லது என்று விற்பனைக்காரர் சொன்னால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். ஸ்பெயினிலும் கலிபோர்னியாவிலும் ஆரோக்கியமான முதியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வால்நட் கொடுத்த சோதனையின் முடிவு 2020இல் வந்தது. மொத்தத்தில் அறிவுத்திறன் தேய்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

முந்திரியில் நார்ச்சத்து பாதாமில் உள்ளதில் கால்பங்கு, மாவுச்சத்து அதிகம். நெய்யில் வறுத்த முந்திரியை நான் வெறுக்கவில்லை, அதற்கு மருத்துவப் பட்டம் கட்ட வேண்டாம் என்கிறேன். பிஸ்தாவை ஓட்டோடு வாங்கினால் உடைத்து உடைத்துத் தின்பதில் கை தானாகவே மெதுவாகிவிடும்.

கலந்து தின்பவர்களுக்குத் துணையாக ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’ ஆய்வு இருக்கிறது. மத்தியதரைக்கடல் உணவுமுறையோடு நாளுக்கு 30 கிராம் கொட்டை கொடுத்தார்கள்: பாதி வால்நட், மீதியில் பாதாமும் ஹேசல்நட்டும் சம அளவு. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. 2013இல் வெளியான அந்தக் கட்டுரை, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் இருந்த கோளாறுகளால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் மறுபடி கணக்கிட்டு வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த 30 கிராமில் பாதாம் வெறும் ஏழரை கிராம் என்பதைக் கவனியுங்கள்.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு

பாதாமுக்கு நான் மனமுவந்து இடம் கொடுப்பது இங்கேதான். சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு, சீனர்களிடையே இருப்பதைவிட அதிகம் என்பது நாம் ஒவ்வொருவரும் நம் சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியது. டெல்லியில் நடந்து 2023இல் வெளியான ஒரு சோதனையில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 60 பேரில் ஒரு பாதியினர் மூன்று மாதம், மூன்று வேளையும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு 20 கிராம் பாதாம் தின்றார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. எடையும் குறைந்தது. நம் உடல்வாகும் நம் சாப்பாட்டுப் பழக்கமும் உள்ளவர்களிடம் நடந்த சோதனை என்பதால் இதற்கு மதிப்பு உண்டு. பணம் கொடுத்தது கலிபோர்னியாவின் பாதாம் வாரியம் என்பதையும், அறுபது பேர் சிறு கூட்டம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இது செயல்படும் விதத்தில் மாயம் இல்லை. கொழுப்பும் நாரும் புரதமும் முதலில் வயிற்றுக்குள் போனால், பின்னால் வரும் சோறு மெதுவாக இறங்குகிறது, சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தாலும் இதே திசையில் பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆகவே வீட்டில் சாப்பிடும் வேளைக்குப் பொரியலும் கூட்டும் போதும். மதிய நேரத்தில் உணவங்காடி நிலையத்தில் பிரியாணிக்கோ கோழிச்சோற்றுக்கோ வரிசையில் நிற்பவருக்கு முன்கூட்டியே காய்கறி எங்கே கிடைக்கும்? சட்டைப்பையில் பதினாறு பதினேழு பாதாம் வைத்திருப்பது அவருக்கு நடைமுறைக்கு ஒத்துவரும். மூன்று வேளைக்கும் என்றால் நாளுக்கு 60 கிராம், செலவும் கலோரியும் கூடிவிடும். ஒரு வேளைக்கு என்றால் கணக்கு கட்டுப்படியாகும்.

குடிக்கிற பாதாம்

பெட்டியில் வரும் பாதாம் பாலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல தயாரிப்புகளில் பாதாம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான், மீதி தண்ணீர். ஒரு குவளையில் புரதம் ஒரு கிராமை ஒட்டி இருக்கும். அதே குவளை சோயா பாலில் ஆறு ஏழு கிராம் கிடைக்கும். ஆகவே பசும்பாலை விட்டவர்களுக்கு இனிப்பில்லாத சோயா பால்தான் என் தேர்வு. பாதாம் பால் பொடிகளில் பலவற்றின் பட்டியலில் முதலிடம் சர்க்கரைக்கு. 2022 டிசம்பர் 30 முதல் இங்கே பானங்களுக்கு, சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு இருக்கிறது. கரைத்துக் குடிக்கும் பொடிகளும் அதில் அடக்கம். சி அல்லது டி என்று இருந்தால், பெட்டியில் எத்தனை பாதாம் படம் போட்டிருந்தாலும் அதில் சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ அதிகம்.

சீன இனிப்புக் கடைகளில் ஆல்மண்ட் கூழ் என்று வெள்ளையாக மணமாகக் கிடைப்பதில் பெரும்பாலும் இருப்பது ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு, நம் பாதாம் அல்ல. சுவைக்காகக் குடியுங்கள், பாதாமின் சத்துக் கணக்கை அதன்மேல் ஏற்ற வேண்டாம். சீன மருந்துக்கடையில் விற்கும் அந்தப் பருப்பில் கசப்பு வகையும் உண்டு. பச்சையாகத் தின்றால் உடம்புக்குள் சயனைடு உண்டாகும், வீட்டில் பாதாம் என்று நினைத்துக் கொறிக்க விட்டுவிடாதீர்கள்.

விலகி நிற்க வேண்டியவர்கள்

சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாதாமைக் கைப்பிடி கைப்பிடியாகத் தின்பது கூடாது. கொட்டைகளில் ஆக்சலேட் மிக அதிகம் உள்ளது அதுதான். பிஸ்தாவில் பல மடங்கு குறைவு. கடலையில் பாதாமைவிடக் குறைவு என்றாலும், பிஸ்தாவைவிட அதிகம். சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்துக்கும் பாஸ்பரசுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டவர்கள் எந்தக் கொட்டையையும் உணவியல் நிபுணரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, அவர்களுக்கே தெரியும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கொட்டை எதுவும் தரக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம்.

வாங்கும்போது

தேக்கா, முஸ்தஃபா போன்ற இடங்களில் மாம்ரா என்ற பெயரில் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பாதாம் கண்ணில் படும். எண்ணெய்ப் பசையும் சுவையும் அதிகம், விலையும் மிக அதிகம். உலகச் சந்தையை நிரப்பும் கலிபோர்னியாப் பாதாமைவிட அது உடல்நலத்துக்கு மேலானது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாக்குக்காக வாங்குங்கள். உப்பில்லாதது, தேன் பூசாதது, எண்ணெயில் பொரிக்காதது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பிராண்டு எதுவானாலும் சரி.

என் வீட்டுப் பங்கீடு இப்படி: கடலைதான் பெரும்பகுதி, அவித்தும் வறுத்தும். சர்க்கரையின் விளிம்பில் இருப்பவருக்கு மதிய உணவுக்கு முந்திய பாதாம். மீன் தொடாதவருக்கு வால்நட். மலிவு என்று கிலோக்கணக்கில் அள்ளி வருவது இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது. பாதாம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வால்நட்தான் முதலில் கெடும். எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். மூடியைத் திறக்கும்போது எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால், என்ன விலை கொடுத்திருந்தாலும் கொட்டிவிடுங்கள்.